ஆறாம் ஆண்டு முடிந்து படிவம் ஒன்று தொடங்கும் முன்: விடுமுறையில் கணக்கு கரையாமல் காப்பது எப்படி?

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்திலேயே எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வந்துவிடும். "பிள்ளை ஆறாம் ஆண்டு முடிச்சிட்டான் டீச்சர். படிவம் ஒன்று கணக்கை இப்பவே டியூஷன்ல ஆரம்பிச்சிடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலோ கிள்ளான் பக்கத்துத் தொழிற்சாலையிலோ வேலை செய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து டியூஷனுக்கு எடுத்து வைக்கும் பெற்றோர். அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்று பாடத்தை அந்த வகுப்பு ஆசிரியர் நடத்துவார். அந்தப் பாடம் எதன்மேல் நிற்கப் போகிறதோ அது இந்த விடுமுறையில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை.

கரைவது என்றால் என்ன? நீண்ட விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகள் படித்ததில் கொஞ்சத்தை மறந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். இதை அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்கும் மேல் நீளும். 1996இல் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்கு இழப்பு இருக்கிறது, அதுவும் வாசிப்பைவிடக் கணக்கில்தான் அதிகம் என்று கண்டார்கள். இழப்பின் அளவு அவ்வளவுதானா என்று பிறகு வந்தவர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வாசிப்பைவிடக் கணக்கு ஏன் சீக்கிரம் மங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. விடுமுறையிலும் பிள்ளை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான். கடைப் பலகை, கைப்பேசியில் வரும் செய்தி, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் கண்ணில் படுகின்றன. இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொல்லி அவனிடம் யார் கேட்கிறார்கள்?

மலேசியாவில் நம் விடுமுறை அமெரிக்காவினுடையதைப் போல நீளமானதல்ல. கோவிட்டுக்கு முன்பு நவம்பரில் பள்ளி மூடி ஜனவரியில் திறந்தது. பிறகு பள்ளித் தவணை மார்ச்சுக்குத் தள்ளிப்போய், 2026இல் மீண்டும் ஜனவரிக்கே வந்திருக்கிறது. எத்தனை வாரம் கிடைக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் மறப்பதற்கு மாதக்கணக்கு தேவையில்லை. 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து எழுதினார். மறதி முதலில் மளமளவென்று நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளி விட்டு விட்டுப் படிப்பதுதான் நிலைக்கிறது. அவர் கண்ட இந்த இரண்டும் இன்றுவரை அசையாமல் நிற்கின்றன.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இரண்டாவது விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மரம் வருடக்கணக்கில் பால் கொடுக்கும். பேராசைப்பட்டு நாள்தோறும் ஆழமாக வெட்டினால் பட்டை காய்ந்துவிடும். பிள்ளைக்குக் கணக்கும் அந்த அளவில் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கால் மணி நேரம். விடுமுறையின் கடைசி வாரத்தில் நாளுக்கு மூன்று மணி நேரம் உட்கார வைத்து நூறு கணக்கு போட வைப்பதைவிட இது பல மடங்கு மேல்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தடம் மாறிப்போகிறது. பிள்ளை பழைய பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டுவான். விடை எழுதிய பக்கங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தெரியும்மா" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. பார்த்தால் தெரியத்தான் செய்கிறது. பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் போடுவது வேறு. மூளை எதைத் தேடி எடுக்கிறதோ அதுதான் உறுதிப்படும். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, நான்கே நான்கு கணக்கு. அதுவும் நான்கும் நான்கு விதமாக இருக்கட்டும். ஒரே மாதிரிக் கணக்கு இருபது கொடுத்தால், மூன்றாவதிலிருந்து கைதான் எழுதும், யோசனை நின்றுவிடும். கலந்து கொடுத்தால் ஒவ்வொரு முறையும் "இது எந்த வகைக் கணக்கு?" என்று அவனே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். பரீட்சையில் அவன் தடுமாறப் போவதும் அந்த இடத்தில்தான்.

எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்றால், என் பட்டியல் சிறியது: பின்னம், வாய்ப்பாடு, விகிதமும் விழுக்காடும். 2017இல் இடைநிலைப்பள்ளிகளுக்கு வந்த கேஎஸ்எஸ்எம் பாடத்திட்டத்தில் படிவம் ஒன்று கணக்குக்கு 13 பாடங்கள். முதல் பாடத்திலேயே எதிர்மறை எண்களோடு பின்னமும் தசமமும் கலந்து வரும். அடுத்து காரணிகளும் மடங்குகளும், பிறகு வர்க்கமும் வர்க்கமூலமும், நான்காவதாக விகிதம். அதைத் தாண்டியதும் எழுத்துகளை வைத்துப் போடும் இயற்கணிதம். முதல் நான்கையும் தாங்குவது ஆரம்பப்பள்ளியில் படித்த இந்த மூன்று விஷயங்கள்தான். இவை ஆட்டம் கண்டால் இயற்கணிதம் புரியவில்லை என்று பிள்ளை சொல்வான். உண்மையில் புரியாதது இயற்கணிதமாக இருக்காது, அதற்குள் ஒளிந்திருக்கும் பின்னமாக இருக்கும்.

பின்னத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆறாம் ஆண்டில் நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு விடுமுறையின் நடுவில் 3/4 + 2/3 என்று எழுதிக் கொடுத்தேன். யோசிக்காமல் 5/7 என்று எழுதி நீட்டினாள். மேலே மூன்றும் இரண்டும் ஐந்து, கீழே நான்கும் மூன்றும் ஏழு. தப்பு என்று நான் சொல்லவில்லை. "3/4 பாதிக்கு மேலா, கீழாம்மா?" என்றேன். மேலே என்றாள். "2/3?" அதுவும் மேலேதான். "பாதிக்கு மேல் ஒன்று, பாதிக்கு மேல் இன்னொன்று. சேர்த்தால்?" ஒன்றைத் தாண்டணும் என்று சொல்லிவிட்டுத் தன் தாளைப் பார்த்தாள். 5/7 ஒன்றைவிடக் குறைவு. அவளே அடித்துவிட்டு, நான்குக்கும் மூன்றுக்கும் பொதுவாக 12 என்று எடுத்து, 9/12 + 8/12 = 17/12, அதாவது ஒன்றும் 5/12உம் என்று முடித்தாள்.

மறந்துபோன முறையை நான் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு விடை வந்திருக்கும், அடுத்த வாரம் மறுபடி மறந்திருக்கும். விடை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே குத்துமதிப்பாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், முறை மறந்தாலும் பிழை கண்ணில் பட்டுவிடும். எனவே எந்தக் கணக்காக இருந்தாலும் பென்சிலை எடுக்கும் முன் ஒரு கேள்வி: "ஏறக்குறைய எவ்வளவு வரும்?" இந்தக் கேள்வியைக் கேட்க அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ படிவம் ஒன்று பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைக்குப் போகும்போது இதைப் பழக்கலாம். பொருள்களை எடுத்துப் போடும்போதே மொத்தம் எவ்வளவு வரும் என்று பிள்ளை மனத்தில் கூட்டிக்கொண்டு வரட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதின் கடைசி வரியில் இன்னொரு சின்னக் கணக்கும் இருக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு காசைக் கணக்கில் எடுப்பதில்லை. மொத்தத் தொகையைப் பக்கத்தில் இருக்கும் ஐந்து காசுக்குத் திருப்பிவிடுகிறார்கள். 23 வெள்ளி 47 காசு வந்தால் 23.45, 23 வெள்ளி 48 காசு வந்தால் 23.50. ஏன் 47 கீழே இறங்கியது, 48 மேலே ஏறியது என்று பிள்ளையைக் கேளுங்கள். கிட்டிய மதிப்பு என்று புத்தகத்தில் படித்ததைப் பணத்தில் பார்த்துவிட்டால் மறக்காது.

வாய்ப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 வரை தடங்கல் இல்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒப்பிக்கச் சொல்லாமல் தலைகீழாகக் கேளுங்கள். ஏழெட்டு எவ்வளவு என்பதற்குப் பதில் "56 எதுவும் எதுவும் பெருக்கினால் வரும்?" ஏழும் எட்டும், பதினான்கும் நான்கும், இருபத்தெட்டும் இரண்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும். படிவம் ஒன்றில் காரணிகள் என்று வரப்போவது இதுதான். கூடவே 1 முதல் 15 வரை வர்க்கங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்றாவது பாடம் பாதி சுமை குறைந்துவிடும்.

விகிதத்துக்கும் விழுக்காட்டுக்கும் நம் ஊரைப் போலப் பள்ளிக்கூடம் வேறு இல்லை. இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வீட்டில் மூன்று கப் அரிசிதான் இருக்கிறது என்றால் உளுந்து எவ்வளவு? முக்கால் கப். இது காலையில் கேட்க வேண்டிய கணக்கு.

செம்பனைக் குலை விற்கும் கணக்கு இன்னும் அருமையானது. மில்லில் பழத்துக்கு விலை சொல்லும்போது ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று சொல்வார்கள். நூறு கிலோ குலையிலிருந்து இருபது கிலோ எண்ணெய் கிடைத்தால் அது 20 விழுக்காடு. நம் நாட்டில் பொதுவாக அந்தப் பக்கம்தான் இருக்கும். விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காக ஒரு விழுக்காட்டுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு என்றால் ஒரு டன்னுக்கு 800 வெள்ளி. லோரியில் மூன்றரை டன் இருந்தால் 2,800 வெள்ளி. காய் பழுக்கும் முன்பே வெட்டிவிட்டதால் மில்லில் 19 விழுக்காடுதான் என்று மதிப்பிட்டால்? டன்னுக்கு 760, மூன்றரை டன்னுக்கு 2,660. ஒரே ஒரு விழுக்காடு, 140 வெள்ளி போய்விட்டது. சொந்தமாக இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் தாத்தா இருந்தால் இந்தக் கணக்கை அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். பிள்ளை தாளில் போட்டு முடிப்பதற்குள் அவர் விடையைச் சொல்லிவிடுவார். எப்படிப் போட்டீங்க தாத்தா என்று கேட்கச் சொல்லுங்கள். பள்ளியில் சொல்லித்தராத நல்ல குறுக்குவழிகள் அவர்களிடம் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். இந்த மண்ணில் வளரும் பிள்ளைகள், அந்த மரங்கள் ஏன் எந்தப் பக்கம் பார்த்தாலும் நேர்வரிசையாகத் தெரிகின்றன என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும். செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுகிறார்கள். எந்த மரத்திலிருந்தும் சுற்றியுள்ள ஆறு மரங்களும் ஒரே தூரம், வழக்கமாக 9 மீட்டர். அப்படியானால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே எவ்வளவு தூரம்? 9 மீட்டர் இல்லை, அதைவிடக் குறைவு. முக்கோணத்தை நடுவில் பிளந்தால் சாய்ந்த பக்கம் 9, அடிப்பக்கம் நாலரை. 81இலிருந்து 20.25 போனால் 60.75. அதன் வர்க்கமூலம் 7.8க்குக் கொஞ்சம் கீழே. வரிசைகளுக்கு நடுவே ஏறக்குறைய 7.8 மீட்டர். 9ஐயும் 7.8ஐயும் பெருக்கினால் ஒரு மரத்துக்குச் சுமார் 70 சதுர மீட்டர் நிலம். ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், 142, 143 மரம் வரும். தோட்டத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்லும் எண்ணிக்கையும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் வரும் பித்தாகரஸ் தேற்றம் படிவம் ஒன்று புத்தகத்தின் கடைசிப் பாடம். அதை இப்போதே சொல்லிக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, பக்கத்துத் தோட்டத்தில் யாராவது பெரியவர் துணையோடு மரத்துக்கு மரம் அளந்து வரச் சொன்னால் போதும். வரிசைக்கு வரிசை தூரம் ஏன் குறைகிறது என்ற கேள்வி மனத்தில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு, வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது அது தன் கேள்விக்கான பதிலாக இருக்கும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமும் உண்டு. கணக்கைத் தமிழில் படித்தவர்கள் இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கப் போகிறார்கள். இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளி என்றால் ஆங்கிலத்தில். கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட முதல் சில வாரங்கள் கேள்வியின் அர்த்தம் பிடிபடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கணக்கு வரவில்லை என்று யாராவது தவறாக எடுத்துக்கொண்டால் பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறது. எனக்கு இதில்தான் மனம் மிகவும் வேதனைப்படும். பெச்சஹான் (பின்னம்), பெர்புலுஹான் (தசமம்), பெராதுஸ் (விழுக்காடு), நிஸ்பா (விகிதம்), லுவாஸ் (பரப்பளவு), புராத்தா (சராசரி) என்று ஓர் இருபது முப்பது சொற்களை விடுமுறையிலேயே பழகிவிட்டால் இந்தத் தவிப்பு வெகுவாகக் குறையும்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தேசியப்பள்ளியின் ஆறாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்குங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையிடம் பழையது கட்டாயம் இருக்கும். பாடத்திட்டம் ஒன்றுதான், மொழி மட்டும் வேறு. ஏற்கெனவே தமிழில் போட்ட அதே மாதிரிக் கணக்கை மலாயில் வாசிக்கும்போது, கணக்கு தெரிந்ததாக இருப்பதால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வாரத்துக்கு ஒரு கணக்கைப் பிள்ளையே மலாயில் எழுதட்டும். அம்மா சந்தையில் 50 வெள்ளியில் 2/5 பங்கைச் செலவழித்தார், மீதி எவ்வளவு என்பதுபோல. எழுதிப் பார்க்கும்போதுதான் எந்தச் சொல் தெரியவில்லை என்று அவனுக்கே தெரியும்.

ஆறாம் ஆண்டில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பெற்றோருக்குச் சட்டென்று தெரிவதில்லை. ஆகவே விடுமுறையின் முதல் வாரத்தில் நீங்களே பார்த்துவிடுவது நல்லது. பழைய பயிற்சிப் புத்தகத்தில் பாடத்துக்கு ஒன்றாகப் பத்துக் கணக்கு பொறுக்கி எடுத்து, நேரக்கட்டுப்பாடு இல்லாமல், கைப்பேசி இல்லாமல் போடச் சொல்லுங்கள். விடைகளைத் திருத்தும்போது மதிப்பெண் போட வேண்டாம். சரியாக வந்தவை ஒரு பக்கம், வராதவை ஒரு பக்கம் என்று பிரித்தால் போதும். வராதவற்றிலிருந்து இரண்டு, வந்தவற்றிலிருந்து இரண்டு. அடுத்த நாளின் நான்கு கணக்கு தயார். வந்ததையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். இன்று வந்தது இரண்டு வாரம் கழித்தும் வருகிறதா என்று பார்க்கத்தான். தவிர, எல்லாமே வராத கணக்காக இருந்தால் எந்தப் பிள்ளையும் உட்காராது.

எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கும், வீட்டு வேலை முடித்து ஓய்ந்து உட்காரும் அம்மாவுக்கும் தினம் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லுப்பா, ஏன் அங்கே 12 போட்ட?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுங்கள். விளக்கம் தடுமாறும் இடம்தான் பிள்ளைக்குத் தெளிவில்லாத இடம். அதைக் குறித்து வைத்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ படிவம் மூன்று படிக்கும் பக்கத்து வீட்டு அக்காவையோ கேட்கச் சொல்லலாம். கால்குலேட்டரைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. விடையைச் சரிபார்க்க மட்டும், அதுவும் கடைசியில்.

இதைப் படிக்கும்போதே விடுமுறை முடிய ஒரு வாரம்தான் மிச்சம் இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் பிடிக்கப் போகாதீர்கள். வாய்ப்பாட்டையும் மலாய்ச் சொற்களையும் பள்ளி திறந்த பிறகும் பார்த்துக்கொள்ளலாம். பின்னத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கூட்டல், மூன்றாம் நாள் கழித்தலோடு ஒரு கூட்டல், ஐந்தாம் நாள் பெருக்கல், வகுத்தலோடு முந்தையவற்றிலிருந்து ஒவ்வொன்று. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பள்ளி திறந்து முதல் பாடத்தில் ஆசிரியர் பின்னத்தைத் தொடும்போது பிள்ளை கை தூக்கினால், மற்றதை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.